என்னத்தைக் கிழிச்சே, கண்ணு?

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில் தேசூர் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே பக்கத்து ஸீட்டுக்காரர் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"பட்டு எடுக்கவா சார்? வீட்ல கல்யாணமா?"

"இல்லீங்க. அங்கன்வாடிக்குப் போறேன்."

மனிதர் என் நரைத்த மண்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். 'சேரவா?' என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர்.

விஷயம் இதுதான். சென்னையில் என் மைத்துனரின் பேத்திக்கு இரண்டே முக்கால் வயசு. போன கோடையில் அவளை ஒரு 'சம்மர் கேம்ப்'பில் சேர்த்தார்கள். பத்தாம் நாள் குழந்தை ஒரு மயிலோடு வீடு திரும்பியது. காகித மயில். தோகையில் முப்பது கண், ஒவ்வொரு கண்ணிலும் ஜிகினா, கழுத்தில் நெளிநெளியாக நீலக் காகிதம். "எங்க பாப்பா பண்ணினது!" என்று ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றி வைத்தாகிவிட்டது. பாப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"கோழி" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். இரண்டு, மூன்று வயசுக் குழந்தையின் கை நிஜமாகவே என்னதான் செய்யும்? ஃபீஸ் வாங்காத இடத்தில், ஜிகினா வாங்கக் காசில்லாத இடத்தில், கோடையில் அதுகளை உட்கார்த்தி வைத்து என்ன கைவேலை கொடுக்கிறார்கள்? பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அங்கன்வாடிக்கா தமிழ்நாட்டில் பஞ்சம், தேசூருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அது ஆரணிப் பட்டு நெய்கிற ஊர். பெரியவர்களுக்குக் கைவேலைதான் சோறு போடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் குழந்தைக்குக் கைவேலை விளையாட்டாக இருக்க முடியுமா? இதுதான் என்னை பஸ் ஏற்றியது.

வந்தவாசி என்றால் சரித்திரக்காரர்களுக்கு 1760-ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்டது ஞாபகம் வரும். நம் வீட்டுப் பெண்களுக்குக் கோரைப் பாய் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டினால் வெயில். வெயிலுக்கு நடுவே பனை மரம். பனை மரத்தடியில் நுங்கு. ஏப்ரல் கடைசி வாரம் என்பதால் ஏரிகள் எல்லாம் வற்றிப்போய், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. (இந்த நுங்கையும் ஏரி மண்ணையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

தேசூரில் இறங்கி நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால், முதலில் காதுதான் வேலை செய்கிறது. டக்... டக்... டக். ஒரு வீட்டு வாசலில் நின்று, "பார்க்கலாமா?" என்றேன். "வாங்க சார்" என்று பாயை உதறிப் போட்டார்கள்.

குழித்தறி. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். மிதித்தால் பாவு நூலில் பாதி மேலே எழும்பும், பாதி கீழே இறங்கும். நடுவில் விழுகிற சந்தில் நாடா ஓடுகிறது. அச்சை இழுத்து ஒரு தட்டு. அடுத்த மிதி. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தை விட எடை குறைச்சல். கட்டிக்கொள்ள லேசு. நெய்கிறவர் முதுகு என்னவோ இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்வதென்றால் மூன்று நாடா வேண்டும். ஒரு ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு கையாள் வேண்டும். இப்போது பெரும்பாலும் வீட்டுக்காரம்மாதான் கையாள். முன்னே யார் என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

அந்த வீட்டில் தறிக்கு ஐந்தடி தூரத்தில் ஒரு தூளி தொங்கியது. காலி. "சின்னது எங்கே?" என்றேன்.

"டீச்சர் கிட்ட. இங்க இருந்தா பாவுல கையை வச்சிடும் சார். ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். இது ஒரு இழையோட நிக்காது!"

அங்கன்வாடியில் நான் போனபோது பதினாலு பேர் ஆஜர். இரண்டு வயசிலிருந்து ஐந்துக்குள். சுவரில் யானை, மயில் (நிஜமாகவே மயில் மாதிரி இருந்தது), ஒரு எலி. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாச்சு. அங்கன்வாடிக்கு அந்த மாதிரி முழு லீவெல்லாம் கிடையாது. மே மாதத்தில் சில நாள் கிடைத்தால் உண்டு. தறி நிற்காதபோது தூளி மட்டும் எப்படி வீட்டிலேயே ஆடும்?

டீச்சரம்மா ஒருவர், சமைக்கிற ஆயாம்மா ஒருவர். இந்தப் பக்கத்தில் பாட்டியையும் 'ஆயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏதாவது ஒரு குழந்தை "ஆயா!" என்று அலறினால் அடுப்படியிலிருந்து ஒரு தலையும், வாசலில் வெற்றிலை மெல்லுகிற இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் திரும்புகின்றன.

"கைவேலை பாக்கணும்னு வந்தீங்களா? உக்காருங்க. இதோ கிழிக்கப் போறாங்க" என்றார் டீச்சர்.

கிழிக்கத்தான் கிழித்தார்கள். இரண்டு வயசுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய செய்தித்தாள். அதைக் கிழிப்பதுதான் பாடம். நம் ஊரில் ஒருவனை மட்டம் தட்டவேண்டுமென்றால், "நீ என்னத்தைக் கிழிச்சே?" என்போம். உட்கார்ந்து பார்த்த பிறகு அந்த வார்த்தையை நான் விட்டுவிட்டேன். கிழிப்பது லேசில்லை ஸார்! இரண்டு கையிலும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காகிதத்தைக் கவ்வ வேண்டும். ஒரு கை முன்னே போகவேண்டும், ஒரு கை பின்னே வரவேண்டும். ஒரு வாண்டு இரண்டு கையையும் ஒரே பக்கமாக இழுத்து, காகிதம் கிழியாமல், பின்பக்கமாக உருண்டது. எழுந்தது. மறுபடி இழுத்தது. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அதன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தவனுக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்திருக்காது.

கிழித்ததை ஒட்டுவது அடுத்த கட்டம். பசை? "சோத்துக் கஞ்சிதான். கடைப்பசை கொடுத்தா நக்குங்க. இதை நக்கினா சாப்பாட்டுக் கணக்குல சேத்துக்கலாம்" என்றார் டீச்சர். பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுகிற ஊரில் கஞ்சிக்கு இன்னொரு உத்தியோகம்.

மூன்று வயசுக்காரர்களுக்கு முற்றின வெண்டைக்காய். கறிக்கு ஆகாது என்று சந்தையில் கழித்துப் போடுவார்களே, அதை வாங்கி வந்து குறுக்கே வெட்டி, மஞ்சள் தண்ணீரிலும் பீட்ரூட் சாற்றிலும் தொட்டு, தாளில் குத்துகிறார்கள். குத்தினால் ஐந்து இதழ்ப் பூ. ஒரு பொடியன் தாளில் இரண்டு பூ குத்தினான். பிறகு தன் சட்டையில், பக்கத்துப் பெண் கன்னத்தில், என் வேட்டியில். சலவைக்குப் போய் வந்தும் என் வேட்டியில் அந்தப் பூ இருக்கிறது. மஞ்சளாச்சே!

இந்த இடத்தில் என் மேதாவித்தனத்தைக் கொஞ்சம் காட்டினேன். "டீச்சர், ஜெர்மனியில ஃப்ரோபெல்னு ஒருத்தர். 1837-லேயே சின்னக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி ஆரம்பிச்சார். கிண்டர்கார்டன்னு பேர் வச்சதே அவர்தான். குழந்தைக்கு முதல் விளையாட்டுச் சாமானா அவர் கொடுத்தது என்ன தெரியுமா? கலர் கலரா ஆறு நூல் பந்து!"

"அப்படீங்களா சார்" என்றபடி டீச்சர் ஒரு மூக்கைத் துடைத்தார். "நூல் பந்து இங்கயும் இருக்கு. ஆனா தறி நூல் இல்ல. சாயம் போட்ட பட்டு நூலு, வாய்ல வச்சிக்கும். அது வேணாம்னு சொல்லிட்டேன். வெள்ளைப் பருத்தி நூலு. அதுவும் ஒரு சாணுக்கு மேல நீளம் கொடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"கழுத்துல சுத்திக்கும். விரல்ல சுத்தி இழுத்துக்கும். நெசவுக்காரங்க வீட்டுப் புள்ளைங்களுக்கு நூலைக் கண்டா சுத்தத்தான் தோணும்."

எனக்கு ஜெர்மனி மறந்தே போச்சு. கோர்க்கிற சாமான்களையும் அவர் இப்படித்தான் பொறுக்கி வைத்திருக்கிறார். புளியங்கொட்டை, குண்டுமணி வகையறா ஒன்றுகூட இல்லை. குண்டுமணி விஷம். புளியங்கொட்டை மூக்குக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். அமெரிக்காவில் மூன்று வயசுக்குக் குறைந்த குழந்தைகளின் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு சட்டம் உண்டு. 3.17 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சின்னக் குழாய்க்குள் முழுசாக விழுந்துவிடுகிற சாமான் கூடாது. தொண்டையில் சிக்கும். அந்தக்கால ஃபிலிம் ரோல் டப்பா ஏறக்குறைய அந்த அளவு. வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் டீச்சரிடம் டப்பா இல்லை, கைப்பிடிதான் அளவு. "அவங்க கை மூடினா வெளியில தெரியணும் சார். உள்ள மறைஞ்சா கொடுக்கக் கூடாது."

இப்போது நுங்குக்கு வருவோம். சாப்பிட்டு முடித்த நுங்குக் கூந்தல் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கொம்பு. நுங்கு வண்டி தயார். இதைச் செய்வது ஆயாம்மா, ஓட்டுவது குழந்தை. பனை ஓலைக் காற்றாடியும் அப்படியே. முள் குத்துகிற வேலை பெரியவர்களுடையது, பிடித்துக்கொண்டு ஓடுகிற வேலை சின்னவர்களுடையது. ஏரி மண் மட்டும் முழுக்க முழுக்கக் குழந்தைகள் ராஜ்ஜியம். ஊறப்போட்டு, கல் பொறுக்கி, வேப்ப மரத்தடியில் ஆளுக்கொரு உருண்டை. தட்டினால் தோசை. உருட்டினால் பாம்பு. பாம்பைச் சுருட்டினால் முறுக்கு. பத்தரை மணிக்குள் இதெல்லாம் முடிந்து கை கழுவி உள்ளே வந்துவிடவேண்டும். அப்புறம் வெளியே வெயில் ஆளைத் தின்றுவிடும்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் என்று நீளமான பேருடன் மத்திய சர்க்கார் 1975-ல், காந்தி ஜெயந்தியன்று, 33 வட்டாரங்களில் இந்த மையங்களை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்தபோது பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கும் சேர்த்தே இலை போட்டார். அதனால் அங்கன்வாடி என்றாலே நமக்குச் சோறும் முட்டையும்தான் கண்முன் வரும். ஆனால் அதற்கும் முன்னாலே 1945-ல், இன்றைய மகாராஷ்டிரத்தின் கடலோரத்தில் போர்டி என்கிற ஊரில், தாராபாய் மோடக் என்ற அம்மாள் அனுதாய் வாக்குடன் சேர்ந்து ஏழைக் குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி நடத்தினார். மாண்டிசோரி அம்மையாரின் மரச் சாமான்களெல்லாம் கட்டுப்படியாகாது. இலை, கூழாங்கல், விதை, களிமண் என்று கையில் கிடைத்ததை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அங்கணம் என்றால் முற்றம். முற்றத்திலிருந்து வந்த பேர் இது. தேசூர் ஏரி மண்ணைப் பார்த்தால் அந்த அம்மாள் சந்தோஷப்பட்டிருப்பார்.

சாப்பாடு முடிந்தது. பாய் விரித்தார்கள். பதினாலும் பத்து நிமிஷத்தில் அவுட். "மூணு மணிக்கு வாங்க சார், பெரிய புள்ளைங்க காகிதத்துல நெய்வாங்க" என்றார் டீச்சர்.

நடுவில் இரண்டு மணி நேரம். பக்கத்திலேயே சீயமங்கலம். மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில், அவனிபாஜன பல்லவேஸ்வரம். ஆயிரத்து நானூறு வருஷத்துப் பழசு. உள்ளே ஒரு தூணின் மேல்புறம் சிவன் ஆடுகிறார். கல்லில் செதுக்கிய மிகப் பழைய ஆடல் சிற்பங்களில் ஒன்று. அரக்கப் பறக்க ஒரு ஆட்டோ பிடித்துப் போனேன். பூட்டு! "சாவி வச்சிருக்கிறவரு தூங்கப் போயிட்டாரு" என்றான் ஒரு பையன். அங்கன்வாடி டைம்டேபிள்தான் இந்த வட்டாரம் முழுவதற்கும் போலிருக்கிறது. பாறை நிழலில் நானும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, சிவனைப் பார்க்காமலேயே திரும்பினேன். நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

மூன்று மணிக்கு நான்கு வயசைத் தாண்டிய ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய மாதக் காலண்டர் தாளை இரண்டாக மடித்து, ஓரத்தை விட்டுவிட்டு விரல் அகலத்துக்கு வெட்டுகள் போட்டிருந்தார் டீச்சர். விரித்தால் அதுதான் பாவு. கல்யாணப் பத்திரிகையை வெட்டிய கலர் பட்டைகள் ஊடை. "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று பாடிக்கொண்டே ஒரு பெண் குழந்தை பட்டையை நுழைத்துக்கொண்டிருந்தது. இதுவும் அந்த ஃப்ரோபெல் பட்டியலில் உள்ள கைவேலைதான். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குழந்தையின் ஆயா அழைத்துப்போக வந்தார். அறுபதைத் தாண்டிய அம்மாள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தவர், காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா டீச்சரு இது? இங்கயும் தறியா?"

"காகிதம் ஆயா. சும்மா விளையாட்டு."

"எனக்கும் அப்பிடித்தான் சொன்னாங்க. எட்டு வயசு. சொம்மா குந்து, நாடாவைத் தள்ளுன்னாங்க. எங்கப்பா முன்பணம் வாங்கிட்டாரு. அப்புறம் எங்க எழுந்திருக்கிறது?" சத்தம் போடவில்லை அந்த அம்மாள். அதுதான் சங்கடமாக இருந்தது. "கையி சின்னதா இருந்தா நூலு அறுக்காதாம். கை பெருசாகறதுக்குள்ள கண்ணு போச்சு. எம்மவளைப் படிக்க வச்சதே தறி வேணாம்னுதான். நீங்க இன்னாடான்னா இதுக்கு நாலு வயசுல பழக்குறீங்க."

காலையில் பார்த்த கோர்வைத் தறியும், 'கையாள்' என்ற சொல்லும் இப்போதுதான் எனக்கு உறைத்தது. காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த குழந்தைகளைப் பற்றி 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஒரு அறிக்கையில் எழுதியது. 1986-ம் வருஷத்துச் சட்டம் நெசவையும் சாயமேற்றுவதையும் குழந்தைகளை வைக்கக் கூடாத வேலைகளாகச் சேர்த்தது. 2016-ல் திருத்தம் வந்து, பதினாலு வயசுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றாயிற்று. கூடவே ஒரு வாசலும் திறந்து வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில், பிள்ளைகள் உதவலாம். விடுமுறை என்றால் இதே கோடைதான். அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பது உதவியா, கூலியா? அப்பாவே கூலிக்கு நெய்கிறபோது அதை யார் பிரித்துச் சொல்வது? வாசலைக் கொஞ்சம் அகலமாகவே திறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

டீச்சர் சட்டமெல்லாம் பேசவில்லை. "ஆயா, உங்க பேத்தி எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

பார்த்தால் இடம் காலி. 'மேல ஒண்ணு, கீழ ஒண்ணு' மூன்றாவது பட்டையிலேயே போரடித்து, தாளைப் போட்டுவிட்டு நுங்கு வண்டியோடு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாதியில போயிடுச்சு. நான் கூப்புட்டேனா?"

"இல்ல."

"திட்டினேனா?"

"இல்ல."

"நாளைக்கு வந்து எடுத்தா எடுக்கும். இல்லாட்டி இல்ல. முடிச்சே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன் ஆயா. நீங்க எழுந்து ஓடியிருந்தா விட்டிருப்பாங்களா?"

"விட்டிருப்பாங்க!" என்றார் அந்த அம்மாள். "முதுகுல நாலு விட்டிருப்பாங்க." ஆயாம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

சிரித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தார். பேத்தி விட்டுப்போன தாள் காலடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பட்டையில் குழந்தை ஒரு இடத்தில் கீழே போகவேண்டியதை மேலேயே விட்டிருந்தது. அந்த அம்மாளின் கை தானாகப் போயிற்று. பட்டையை உருவினார். சரியாக நுழைத்தார். மூன்றாவதை முடித்தார். நான்காவதை எடுத்தார். ஓரத்தை நகத்தால் ஒரு தட்டு. கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நிமிஷத்தில் தாள் பாதி நிறைந்துவிட்டது. நானும் டீச்சரும் மூச்சு விடவில்லை.

தாழ்வாரத்திலிருந்து வீறிட்டுக்கொண்டு வந்தது பேத்தி.

"ஐயே! அது என்னுது! ஏன் தொட்ட?"

பிடுங்கியது. ஆயா நெய்த பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தது. ஆத்திரத்தில் காலண்டர் தாளும் இரண்டாகக் கிழிந்தது. டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. அந்த அம்மாள் பதறிப்போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷத்தில் சமாதானம் ஆகிவிட்டது. குழந்தை கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி, கஞ்சிப் பசை வாங்கி, சட்டை முழுக்க ஒட்டிக்கொண்டது. நான்கரை பஸ்ஸுக்காக நான் கிளம்பினேன். எனக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் வெயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆயா குனிந்து பேத்தியின் சட்டையைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஸ்கூல்ல இன்னாத்தக் கிழிச்ச கண்ணு?"

"நெறைய!" என்றது அது.